ஹுரேயின் முதல் பிள்ளை

"அக்கா, உங்க அறையில எலி கிலி எதுவும் செத்துக் கெடக்கா?"

கையில் துடைப்பத்தோடு என் வாசலில் வந்து நின்று ஹுரே இப்படிக் கேட்டபோது நான் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தில் தானியத்தைவிட உமிதான் அதிகம். அறுவடை பொய்த்த வருஷம் அது. மழைக்கு இன்னும் நாள் கிடந்தது, குதிருக்குள் குனிந்து பேசினால் நம் குரலே நமக்குத் திரும்பி வந்தது. காலையிலேயே முற்றத்து மண் சுட்டது. அந்த நேரத்தில், வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு, இளைய சக்களத்தி மூத்தவளின் வாசலில் நின்று உன் அறை நாறுகிறது என்கிறாள்.

"எலி உள்ள வந்து சாவுற அளவுக்குத் தானியம் இருந்தா நான் ஏன்டி உமியப் பொடைக்கிறேன்?" என்றேன்.

"இல்லக்கா, இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு நாத்தம். ஒரு தடவ உள்ள பெருக்கிட்டுப் போயிடறேனே."

"உன் அறையில பெருக்க எடமில்லாமப் போச்சா? போடி, போய் ஒலைக்கு நெருப்பப் பாரு."

அவள் போகவில்லை. என் தோளுக்கு மேலே, உள்ளே பாயில் படுத்திருந்த கூலுவாவைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கண்ணை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு உடனே தரையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு துடைப்பத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே போனாள்.

நான் தெலு. இந்த வீட்டுக்கு மூத்தவள் நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்காரர் அதற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் ஹுரேயைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த மறுவருஷமே அவள் ஒரு பெண்ணைப் பெற்றாள். மாமியாரின் பெயரை வைத்தார்கள். மருமகள்கள் வாயால் சொல்லக் கூடாத பெயர் அது, அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் கூலுவா. ஹுரே அதையும் சொல்ல மாட்டாள். எங்கள் ஜனத்தில் முதல் பிள்ளையைப் பெற்றவள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், நாலு பேர் பார்க்க மடியில் வைத்துக் கொஞ்ச மாட்டாள், அது விழுந்து அழுதால் ஓடிப் போய்த் தூக்க மாட்டாள். பெற்றவனுக்கும் அப்படித்தான். அது வெட்கம். வெட்கம் இல்லாதவள் என்ற பேர் ஒருத்திக்கு விழுந்துவிட்டால் கிணற்றடியில் அவளுக்கு முன்னால் யாரும் குடத்தை நகர்த்திக் கொடுக்க மாட்டார்கள். அடுத்தடுத்த பிள்ளைகளை எப்படி வேண்டுமானாலும் கொஞ்சிக்கொள்ளலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். முதல் பிள்ளை மட்டும் வீட்டில் வேறு பெண்கள் கையில் வளர வேண்டும்.

அப்படித்தான் பால் மறந்ததும் கூலுவா என் அறைக்கு வந்தாள். அல்லா எனக்குக் கொடுக்காததை இந்த வழக்கம் கொடுத்தது. அவள் என்னை அம்மா என்பாள், பெற்றவளை எல்லோரையும் போல ஹுரே என்பாள். வாய் ஓயாது அவளுக்கு. பெரியவர் வீட்டு ஆடுகள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, எது எதோடு சண்டை, எது யாருக்கு மாமியார் என்று எனக்குக் கதை சொல்லிக்கொண்டே தூங்குவாள். பெரியவர் என்றால் எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன். ஒரே வளவு, வாசலறை அவருடையது. எங்கள் வீட்டுக்காரர் அப்போது லாகோஸ் பட்டணத்தில் தள்ளுவண்டியில் தண்ணீர் விற்கப் போயிருந்தார். கோடையில் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள், முதல் மழைக்குத் திரும்புவார்கள்.

அந்தக் கோடையில் ஊரில் தட்டம்மை வந்தது. கூலுவாவுக்கும் போட்டது, இறங்கியது. இறங்கிய பிறகும் அவள் எழுந்து விளையாடவில்லை. கூழ் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஈறில் கொஞ்சம் ரத்தம். அம்மை வந்த பிள்ளைக்கு வாய் வெந்திருக்கும் என்று உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தேன். வேறென்ன செய்வார்கள்? எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

துடைப்பத்தோடு வந்ததற்கு மறுநாளும் ஹுரே வந்தாள். கூரைக்குள் பல்லி செத்திருக்கும் என்றாள். அதற்கடுத்து வந்து, நான் சுவரில் மாட்டியிருந்த ஆட்டுத்தோல் சரியாகக் காயவில்லை என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சக்களத்தி வாயிலிருந்து வந்தால் அது குத்தல்தான், வேறு எப்படி எடுத்துக்கொள்வது? உன் அறை நாறுகிறது என்றால் உன்னிடம் புருஷன் வர மாட்டான் என்று அர்த்தம். பெட்டியிலிருந்து என் கல்யாணத்துச் சாம்பிராணியை எடுத்தேன். நல்ல நாளுக்கென்று வைத்திருந்தது. நெருப்புச் சட்டியில் அள்ளிப் போட்டு, புகை முற்றம் முழுக்கப் பரவி அவள் மூக்கில் ஏறும்படி வாசலில் கொண்டுபோய் வைத்தேன். காலையும் மாலையும் வைத்தேன். ஹுரே தன் வாசலில் உட்கார்ந்து அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை எழுந்து வந்து, "அக்கா, பொக வேணாம்" என்றாள். நான் இன்னும் ஒரு பிடி போட்டேன்.

அந்தப் புகைக்குள்தான் கூலுவாவின் இடது கன்னம் வீங்கியது. காலையில் முகம் கழுவிவிடும்போது பார்த்தேன். தோல் இழுத்துக் கட்டியது போல் பளபளவென்று இருந்தது. பல் வீக்கம் என்று நினைத்து நாவிதரைக் கூப்பிட்டு விட்டேன். எங்கள் பக்கம் பல், உள்நாக்கு, குழந்தைகளுக்கு வருகிற எதுவானாலும் முதலில் அவர்தான். வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்தவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தார். சாம்பிராணியையும் மீறி அந்த வாடை அப்போது எனக்கும் அடித்தது. அது எலி இல்லை. பிள்ளையின் வாய்.

"இது என் கையில இல்ல தாயி," என்றார் அவர். "காத்துப் பட்டிருக்கு. பள்ளிவாசல் மாலத்துக்கிட்ட ஓதித் தண்ணி வாங்கிக் குடுங்க." கொண்டுவந்த பொடியை ஈறில் தடவிவிட்டு, கூலியாகக் கொடுத்த கம்பைக்கூட வாங்காமல் போனார்.

ஓதிய தண்ணீர் கொடுத்தோம். பெரியவர் லாகோஸுக்கு போன் போட்டுப் பார்த்தார். சிக்னல் கிடைக்கும் இடமான வேப்பமரத்தடிக்கு மூன்று முறை நடந்தார், தம்பி எடுக்கவில்லை. "அவன் பேசட்டும். அவன் புள்ள. அவன் சொல்லாம வண்டியேத்தி அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தம்பியின் முதல் பிள்ளை விஷயத்தில் தம்பியிடமே பேச அவருக்கும் கூச்சமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கன்னத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. தட்டைப்பயறு அளவுக்கு. நான் முற்றத்து நிழலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் அதைத் துடைத்துப் பார்த்தேன். கரி என்று நினைத்தேன். அது போகவில்லை. பெரியவர் தன் பாயில் இருந்தார், அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பக்கத்து வளவுப் பெண்கள் இரண்டு பேர் நலம் கேட்க வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஹுரே உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இடித்தாள். நான் துணியை நனைத்து நனைத்துத் துடைப்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, உலக்கையைக் கீழே போட்டாள். அத்தனை பேர் பார்க்க முற்றத்தைக் கடந்து வந்தாள். என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தாள்.

"ஏய், என்னடி பண்ற?" என்றாள் பெரியவர் மனைவி.

ஹுரே குனிந்து, பிள்ளையை முதுகில் ஏற்றி, இடுப்பில் மேலாகச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துச் சுற்றி, பெருத்த வயிற்றுக்கு மேலே முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சைப் போட அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை அவள் எந்தப் பிள்ளையையும் பகலில் முதுகில் கட்டியதில்லை. துணி வழுக்கிக் கூலுவா ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நான் எழுந்து போய்ப் பின்னாலிருந்து இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டேன். பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் வாசலறை வழியாக வெளியே இறங்கி, கடைத்தெரு நடுவே நடந்து போனாள். நான் அவளுடைய செருப்பையும் முக்காட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஊர் எல்லையில் மோட்டார்சைக்கிள் வைத்திருந்த பையன் விஷயம் தெரியாமல், "என்ன மதினி, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, மூணு பேருக்கு வாடக குடுப்பியா?" என்று சிரித்தான். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். நகரத்து ஆஸ்பத்திரி வாசல்வரை பேசாமல் கொண்டுபோய் விட்டானாம். பின்சீட்டில் ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது. நான் செருப்பை அவள் காலில் மாட்டிவிட்டு, வண்டி எழுப்பிய புழுதி அடங்கும்வரை நின்றேன். என் பிள்ளை போகிறது என்றுதான் நினைத்தேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு வரவில்லை.

ஊர் பேசியது. ஹுரேக்கு வெட்கம் கெட்டுவிட்டது என்று கிணற்றடியில் என்னிடமே வந்து சொன்னார்கள், சக்களத்தியாயிற்றே, சந்தோஷப்படுவேன் என்று. "வெட்கத்த வாயில வெச்சா புண்ணு ஆறுமாடி?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அறைக்குள் வந்ததும் அழுதேன். அந்தச் சின்னப் பாயை என்ன செய்வதென்று தெரியாமல் சுருட்டி வைத்தேன், பிறகு விரித்தேன்.

ஒரு சந்தை நாள் லாரியில் பெரியவரிடம் சொல்லிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். பொடித்த கம்பு, கொஞ்சம் தயிர், நிலக்கடலை கட்டி எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பிள்ளை. ஒன்றுக்கு மூக்கு இல்லை. ஒன்றுக்கு மேலுதடு இல்லை. இத்தனை பிள்ளைகளை இந்த நோய் தின்றிருக்கிறது, எங்கள் ஊரில் இதற்கு ஒரு பேர்கூட யாருக்கும் தெரியவில்லையே என்று நினைத்தேன். கடைசியில், தூணுக்குப் பக்கத்தில், ஹுரே இருந்தாள். கூலுவா அவள் மடியில். ஹுரே கரண்டியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூலுவா என்று இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி, மாமியாரின் பெயரை, முழுசாக, ராகம் போட்டு, ஒரு வாய்க்கு ஒரு தடவை.

என் காதே எனக்குக் கூசியது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது, பொறாமை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிள்ளை அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஹுரே என்னைப் பார்த்தாள். பார்த்த உடனே வாயை மூடிக்கொண்டு பிள்ளையை மடியிலிருந்து கீழே இறக்கினாள்.

"எறக்காத," என்றேன். "எதுக்கு எறக்குற? நான் என்ன உன் மாமனாரா?"

"இங்க யாரும் வெக்கப்படறதில்லக்கா," என்றாள் அவள் தலை குனிந்தபடி. "வெக்கப்பட்டா புள்ள சாப்டாதுன்னு நர்ஸ் சொல்லிடுச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் முழுங்குது."

கூலுவாவின் முகத்தின் இடது பாதியில் கட்டு. கறுப்பு முழுக்க விழுந்துவிட்டது, புண் காய்ந்துகொண்டு வருகிறது, உயிருக்குப் பயமில்லை என்றாள் நர்ஸ். ஆனால் கன்னம் இல்லை. தாடை பூட்டிக்கொண்டுவிட்டது, ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். உடம்பு தேறிய பிறகு, ஒரு வருஷமோ அதற்கு மேலோ கழித்து, தோல் எடுத்து வைத்துத் தைக்கலாமாம். கட்டை மாற்றும்போது பார்த்தேன். பல் வெளியே தெரிந்தது. நான் அங்கே அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை அடையாளம் கண்டு கையை நீட்டினாள், நான் தூக்கினேன், எடையே இல்லை. கொஞ்ச நேரம் என் தோளில் இருந்தாள். பிறகு ஹுரே பக்கம் சாய்ந்து, பல்லுக்கு நடுவிலிருந்து ஏதோ சொன்னாள். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா என்று அவளைக் கூப்பிடுகிறாள். நான் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

நர்ஸ் நல்ல பெண், எங்கள் பாஷைக்காரிதான். போகிற போக்கில் சொன்னாள், "வாய் நாத்தம் ஆரம்பிச்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். ஒரு வாரம் மாத்திர. அவ்வளவுதான்."

அவள் போன பிறகு ஹுரே நான் கொண்டுபோன கடலையை எடுத்து ஒவ்வொன்றாகத் தோல் உரித்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"நான் சொன்னேனேக்கா," என்றாள் கடைசியில். "மொதல்ல எனக்குத்தான் தெரிஞ்சுது. அவ என்னத் தாண்டிப் போகும்போதே வந்துச்சு. எலின்னு சொன்னேன். பல்லின்னு சொன்னேன். தோலுன்னு சொன்னேன்."

"புள்ளைன்னு சொல்லலையேடி நீ."

"எப்பிடிச் சொல்லுவேன்?"

நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? எனக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தால், அது வேறொருத்தி அறையில் படுத்திருந்தால், நானும் எலியைத்தான் தேடியிருப்பேன். அவள் தோளில் கை வைத்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை நான் அப்படித் தொட்டதில்லை. அவள் விசும்பினாள், மடியிலிருந்த பிள்ளை எட்டி அவள் கண்ணைத் துடைத்தது. லாரிக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்துகொண்டேன்.

முதல் மழை பெய்து, எங்கள் வீட்டுக்காரர் லாகோஸிலிருந்து வந்து, விதைப்பு தொடங்கிய சமயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களை அனுப்பி வைத்தார்கள். மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. ஹுரேக்கு மாசம் நெருங்கிவிட்டிருந்தது, நடக்கவே சிரமப்பட்டாள், இருந்தாலும் கூலுவாவை முதுகில்தான் கட்டியிருந்தாள். இப்போது முடிச்சு நன்றாகப் போடத் தெரிந்திருந்தது. வாசலறைக்கு முன்னால் பெரியவர், எங்கள் வீட்டுக்காரர், அக்கம்பக்கத்துப் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் நின்றிருந்தோம். ஹுரே எங்களைப் பார்த்தாள். படிக்கு வெளியிலேயே நின்று முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளையைத் தரையில் இறக்கி, தன் விரல்களிலிருந்து அவள் கையைப் பிரித்து, என் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

"அக்கா, உங்க பொண்ணு," என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தன் அறைக்குள் போய்விட்டாள்.

இதற்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். பிள்ளை என்னிடம் வர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டிருக்கிறேன். வந்துவிட்டது. நான் தூக்கிக்கொண்டேன். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு, ஹுரே போன வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. அங்கே இருந்தவர்களில் ஒருவராவது அவளுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரிய வைக்க முடியும்? முகத்தின் பாதியை ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பையன் எட்டி இழுத்தான், அவன் முதுகில் ஒன்று வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் அருகில் வந்து, மகளை நேராகப் பார்க்காமல் என்னிடம், "பொழைச்சுதே, அல்லாவுக்கு நன்றி" என்றார். பிறகு விதைக் கடலை உடைக்க உட்கார்ந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் கூழ் காய்ச்சி ஆற்றிக்கொண்டு ஊட்ட உட்கார்ந்தேன். வலது பக்கம் பல்லோரமாகக் கரண்டியைச் சாய்த்து, கட்டைவிரலால் தாடையைத் தாங்கிப் பிடித்து, விழுங்கும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தேன். பார்ப்பது வேறு. முதல் கரண்டி துணி வழியாகக் கழுத்தில் வழிந்தது. இரண்டாவது புரையேறியது. "கூலுவா, என் கண்ணு, ஆடு கத பேசலாமா" என்றேன். அவள் பல்லை இறுக்கிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் ஹுரே உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். மாசம் நெருங்கியவள் இடிக்க வேண்டிய அவசியமே இல்லை, நான் வேண்டாம் என்று சொல்லியும் உலக்கையை எடுத்திருந்தாள். பிள்ளை இருமும் ஒவ்வொரு தடவையும் உலக்கை அரை நொடி மேலேயே நின்று பிறகு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறிவிட்டது. உரலில் ஒன்றும் மிச்சமில்லை, வெறும் கட்டையின் மேல் கட்டை விழுகிற சத்தம். இன்னும் கொஞ்ச நாளில் வேறொரு பிள்ளை பிறக்கும். அதை அவள் இதே முற்றத்தில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கொஞ்சுவாள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இது என் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கரண்டியையும் அவள் துப்பியபோது நான் எழுந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய் உரலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன்.

"எனக்கு வரல ஹுரே," என்றேன், எல்லோருக்கும் கேட்க. "நீ குடு."

உலக்கை நின்றது. பெரியவர் மனைவி கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். ஹுரே முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே, "அக்கா, எல்லாரும் இருக்காங்க" என்றாள்.

நான் திரும்பி அத்தனை பேரையும் பார்த்தேன்.

"மழ வரப்போவுது," என்றேன். "பாய எடுங்க, கீரைய எடுங்க, உள்ள போங்க."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. பெரியவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முழங்காலில் கையூன்றி எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆமா, வர்ற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாசலறைக்குள் போனார். அவர் மனைவி கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். பக்கத்து வளவுப் பிள்ளைகளை நான் விரட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கடலை இருந்தது. அதை அவர் உடைக்கவில்லை.

கூலுவா ஹுரேயின் முன்னால் போய் நின்றாள். முகத்திலிருந்த துணியைத் தானே அவிழ்த்தாள். மோவாயை உயர்த்தி, ஒரு விரல் நுழையும் அந்த அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு, தன் பெயரைக் கேட்பதற்காக நின்றாள்.